பிள்ளைமடுவத்திற்குப் போகாத பிள்ளைகள்

அன்பிற்குரிய துணைவிக்கு,

தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாய்மார் முற்பகலில் தோட்டத்துக் குழந்தைகள் காப்பகமான பிள்ளைமடுவம் சென்று குழந்தைகளுக்குப் பாலூட்டி வருவது தலைமுறை வழக்கம். தோட்டத்தை நடத்த வந்த புதிய துரை அதைத் தடுத்தார். "எந்த ஒப்பந்தத்தில் இருக்கிறது?" என்று அவர் வினவியபோது, தொழிற்சங்க மேடையில் ஆயிரம் பேரை எழுப்பும் என் நா அடங்கிப்போயிற்று.

தாய்மாராகிய நீங்களோ குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு மலைக்கே சென்றுவிட்டீர்கள். "மேடையில நீங்க பேசுங்க, மலையில நாங்க பாத்துக்கிறோம்" என்று நீ சிரித்தாய். துரை இன்னும் இணங்கவில்லை, மழையோ தொடங்கிவிட்டது.

ஞாயிறன்று ஹாலிஎலயில் நடக்கும் சங்கக் கூட்டத்தில், "தாய்மாரே, பின்வாங்காதீர்" என்று நான் முழங்கவேண்டும். சங்கத்தார் அதைத்தான் எதிர்பார்க்கின்றனர். நீயும் முன்வரிசையில் இருப்பாய்.

அதற்குமுன் ஒன்றை எழுது. மழையில் உன் முதுகில் மலையேறும் நம் மகளின் இருமல் நின்றதா? நிற்கவில்லையெனில் அதையும் மறைக்காமல் எழுது.

பதுளையிலிருந்து,
உன் கணவன்