கதவு மணியில் நின்றுபோகும் பெட்டி

ஜூலை 22, செவ்வாய்

ஆடிக் காற்று. நாகல் நகர் முழுக்கப் புழுதி, கீபோர்டு உட்பட. காலையிலேயே ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டிக்காரரின் போன். அவர் குளிர் அறையில் நாங்கள் மாட்டிய கட்டுப்பாட்டுப் பெட்டி மறுபடி அசையாமல் நின்றுவிட்டது. கம்ப்ரசர் ஓடவில்லை. பீன்ஸ் மூட்டைகள் வியர்த்துப்போய், கேரளா லாரிக்காரர் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டார்.

"ஏனுங்க, உங்க பெட்டி தூங்குதுங்க. எழுப்பறதுக்கு ஒரு ஆளு போடோணுங்களா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் பயம். எங்களுக்கு இருக்கும் ஒரே வாடிக்கையாளர். இவரும் போனால் நானும் ரஹீமும் கடையை மூட வேண்டியதுதான். ரஹீம் கல்லூரியில் என்னோடு படித்தவன். சர்க்யூட் பலகை, வயர் எல்லாம் அவன் வேலை. உள்ளே எல்லாவற்றையும் ஓட்டும் அடிப்படை நிரல், கெர்னல், நான் எழுதியது. ஆக, குற்றவாளி யார் என்பதில் சந்தேகமில்லை.

ஜூலை 23, புதன்

நாள் முழுக்க மேசையில், அதே மாதிரி இன்னொரு பெட்டியை வைத்துச் சோதனை.
வெப்பமானி நடுவில் குறுக்கிட்டு அழைப்பது (இன்ட்ரப்ட்): சரி.
கரண்ட் போய் வருவது: சரி. (காற்று புண்ணியத்தில் சோதனை தானாகவே நடந்தது.)
கதவு மணி (அதுவும் பெட்டி வழியாகத்தான்): அழுத்தினேன், சரி.
பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்பதுபோல அத்தனை சமர்த்து.

அம்மா: "வெஞ்சனம் ஆறுது. தின்னுட்டு வந்து அந்தப் பொட்டியக் கட்டிக்கிட்டு அழு."

புடலங்காய். பாதி சாப்பிட்டேன்.

ரஹீமை அவன் அத்தா தோல் கிடங்குக்கு வரச் சொல்கிறாராம்.
"நீ என்ன சொன்ன?"
"மண்டி வேலை முடியட்டும்னேன்," என்றான்.

ஜூலை 24, வியாழன்

பொறுக்கவில்லை. பஸ் பிடித்து ஒட்டன்சத்திரம் போனேன். குளிர் அறை வாசலில் ஒரு லோடுமேன், முதுகில் மூட்டை, கையால் மணியை லாரி ஹாரன் அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, ஒரு வாட்டி அடிச்சாப் போதாதா?"

"ஒருக்கா அடிச்சா உள்ள எவனுக்குங்க கேக்குது? தொறக்குற வரைக்கும் அடிக்கோணுங்க."

என் கண் முன்னாலேயே பெட்டியின் விளக்கு அணைந்தது.

மணி அடித்தால் கெர்னல் கையிலிருக்கும் வேலையை எங்கே விட்டோம் என்று ஸ்டாக் என்கிற சின்ன நினைவு அடுக்கில் குறித்துவிட்டு மணியைக் கவனிக்கும். முடிப்பதற்குள் அடுத்த மணி வந்தால் இதையும் பாதியில் விட்டு அதற்கு ஓடும். அவசரமானது எதுவும் காத்திருக்கக் கூடாது என்று நான்தான் அப்படி எழுதினேன். மணிக்குள் மணி, அதற்குள் இன்னொன்று. ஸ்டாக் நிரம்பி வழிந்துவிட்டது. வழிந்ததைச் சமாளிக்க வரும் பிழைக் கையாளிக்கும் அதே ஸ்டாக்கில்தான் இடம் வேண்டும். அங்கே ஏது இடம்? கதை முடிந்தது.

மேசையில் நான் விருந்தாளி மாதிரி ஒரே ஒரு முறை அழுத்திப் பார்த்திருக்கிறேன். மண்டிக்கு எவன் விருந்தாளியாக வருகிறான்? மூதேவி, மூதேவி.

ஜூலை 26, சனி

சரியாகிவிட்டது. ஒரு மணியைக் கவனித்து முடிக்கும்வரை அடுத்த மணி வெளியே நிற்கும். கம்ப்ரசர் மட்டும் நடுவில் புகலாம். பிழைக்கென்று தனி ஸ்டாக். எது வழிந்தாலும் பெட்டி தானே எழுந்துகொள்ளும். மண்டிக்காரருக்குப் போன் செய்தேன்.

"நேத்தே கழட்டிட்டேனுங்க அம்மிணி. பழைய சுவிட்சே போதுங்க. உங்க மேல வருத்தமெல்லாம் இல்லீங்க."

நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நன்றி சொல்லி வைத்தேன். எதற்கு நன்றி?

ஜூலை 27, ஞாயிறு

சர்ச்சுக்கு, பூசைக்குப் போகவில்லை. அம்மாவிடம் தலைவலி என்றேன்.

ரஹீம் வந்தான், சாமான்களை எடுத்துப்போக. நாளையிலிருந்து கிடங்கு. சாலிடரிங் மிஷினைப் பையில் போட்டவன், மேசையில் ஓடிக்கொண்டிருந்த பெட்டியைப் பார்த்தான்.

"புதுசு ஏத்திட்டியா?"

"ஏத்திட்டேன்."

குனிந்து மணியை அடிக்க ஆரம்பித்தான். நான் சொல்லியிருந்ததைப் போலவே, லோடுமேன் மாதிரி. விளக்கு அணையவில்லை. இன்னும் வேகமாக அடித்தான். அணையவில்லை.

"இம்புட்டு அடிச்சும் சாகலையே ஸ்டெல்லா."

"தாங்கும்டா. போதும், விடு."

விடவில்லை. அடித்துக்கொண்டே இருந்தான்.