பதினோராவது தட்டு

2025 ஜூலை 9, புதன்

பார்சல் வந்துவிட்டது. கம்பெனி விலாசத்துக்கே வரவழைத்தேன். வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் கையெழுத்துப் போட்டு வாங்குவது மனைவி பிரியாவாக இருக்கும், மேலே ஒட்டியிருக்கும் தாளில் தொகை இருக்கும். கஸ்டம்ஸ் வரி மட்டும் நாற்பத்தோராயிரம். முப்பத்தைந்து வருடம் பழைய வீடியோ கேம் பெட்டியை என்னவென்று நினைத்து வரி போட்டானோ, மகராசன். பெட்டி, கப்பல் செலவு, வரி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரம்.

1990 மாடல், ஜப்பான் சரக்கு. மூடியில் ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை. அலமாரியில் இருக்கிற மற்ற முப்பதும் யாரோ ஆடித் தேய்த்தவை. இது ஒன்றுதான் யார் கையும் படாதது.

"இது எவ்வளவுங்க?" என்றாள் பிரியா.

தொள்ளாயிரம் என்றேன். ஆயிரம் என்று முழுசாகச் சொன்னால் சந்தேகம் வரும், தொள்ளாயிரம் என்றால் பேரம் பேசி வாங்கின மாதிரி இருக்கும். இதற்கெல்லாம் மூளை நன்றாகவே வேலை செய்கிறது.

"பிரிச்சுப் பாக்கலீங்களா?"

"பிரிச்சா மதிப்புப் போயிரும்."

"தொள்ளாயிரத்துக்கா?" என்று சிரித்துவிட்டுக் குக்கரை இறக்கப் போய்விட்டாள்.

ஜூலை 13, ஞாயிறு

ஜெரோம் வந்து பெட்டியைப் பார்த்துவிட்டுப் போனான். காந்திபுரத்தில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். பழைய கேம் வாங்கி விற்பது அவனுக்குப் பக்கத் தொழில். "அண்ணா, தொடவே பயமா இருக்குதுங்க" என்றான். வீட்டில் விலை பேசக்கூடாது என்று வாசலிலேயே சொல்லி வைத்திருந்தேன். பேசவில்லை.

கொரோனா சமயத்தில் ஊரே வீட்டில் அடைந்து கிடந்தபோது ஏறிய விலை இது. நோய் இறங்கியது, விலை இறங்கவில்லை. இரண்டாயிரத்துக்குச் சீந்துவாரில்லாமல் கிடந்த கேசட் இன்று இருபதாயிரம். ஆடுகிறவன் எவனும் இல்லை. வாங்குகிறோம், போட்டோ எடுத்துக் குரூப்பில் போடுகிறோம், நூறு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார்கள். அந்த நூறில் ஒருவன் அடுத்த வாரம் அதே சாமானுக்கு விலையை ஏற்றிவிடுகிறான்.

எனக்கு ஏன் இந்தப் பைத்தியம்? சிங்காநல்லூரில் மில் மேனேஜர் வீட்டுப் பையனிடம் டிவி கேம் இருந்தது. எனக்குப் பதினொரு வயது. இரண்டாவது ரிமோட்டை என் கையில் கொடுத்து "நீயும் ஆடு" என்றான். ஒரு மணி நேரம் அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். கிளம்பும்போதுதான் பார்த்தேன், வயரைச் செருகவே இல்லை. அவனும் அவன் அக்காவும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் இன்னும் தவணை கட்டிக்கொண்டிருக்கிறேன் போல.

ஜூலை 20, ஞாயிறு

தாராபுரத்திலிருந்து தங்கச்சியும் மாப்பிள்ளை நஞ்சுண்டனும் அழைக்க வந்தார்கள். அவர்கள் பையன் நிதீஷுக்கு ஆவணியில் காதுகுத்து. அஞ்சு வயசு. தாய்மாமன் நான், என் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும்.

"நீங்க உங்களால ஆனதச் செய்ங்க மச்சான். நாங்க வாயத் தொறந்து எதுவும் கேக்கறதில்லீங்க" என்றார் நஞ்சுண்டன். எதுவும் கேட்பதில்லை என்றால் கேட்கிறார் என்று அர்த்தம். தேங்காய் மண்டிக்காரர், எடை போடாமல் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

அவர்கள் போனதும் கடுக்கன் மட்டும் போட்டுவிடலாம் என்றேன். பவுன் விற்கிற விலையில் என்னால் வேறொன்றும் முடியாது என்றேன். எங்களுக்குக் குழந்தை இல்லை. பிரியாவுக்கு நிதீஷ் என்றால் உயிர்.

ஜூலை 24, வியாழன்

"ஏனுங்க, என்ற வளையல்ல ஒன்ன மாத்திச் செயினா எடுத்தரலாமுங்க" என்றாள் பிரியா. "வெறுங் கடுக்கனோட போனா உங்க தங்கச்சி அந்த ஊட்டுல எப்படித் தலை நிமுந்து நிப்பா?"

கல்யாணத்துக்கு அவளுடைய அம்மா போட்ட ஜோடி வளையல். ஒரு கைக்கு ஒன்று.

"அதெல்லாம் வேண்டாம்" என்றேன்.

"ஒரு கையில இது கெடக்கட்டும். இன்னொரு கையில வாட்ச் கட்டிக்கறேன். இப்பல்லாம் அதுதானுங்க பேசன்."

வேண்டாம் என்று ஒரே ஒரு தரம் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்லவில்லை. சொன்னால் எங்கே என் பேச்சைக் கேட்டுவிடுவாளோ என்று பயந்தேனா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பெரிய கடை வீதியில் நகைக்கடை. வளையலை வாங்கிக் கல்லில் உரசி, தராசில் வைத்து, கழிவு போக இவ்வளவுதான் என்றார்கள். அவள் பேரம்கூடப் பேசவில்லை. செயினை நிதீஷ் கழுத்து அளவுக்கு விரலால் அளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த நேரத்தில் எனக்குக் குரூப்பில் செய்தி வந்தது. என்னுடையது போலவே பிரிக்காத பெட்டி ஒன்று வெளிநாட்டில் இரண்டு லட்சத்துக்கு மேல் போயிருக்கிறதாம். கடைக்குள் நின்றபடியே எனக்குச் சந்தோஷம் வந்தது. எழுதவே கூசுகிறது. வந்தது.

ஆகஸ்ட் 30, சனி

கம்பெனியில் லோடு. மோட்டார் வைண்டிங் செக்ஷன் முழுக்க ஓவர்டைம். வீட்டுக்கு வரும்போது ஹால் முழுக்கச் சீர்த்தட்டு. பழம், தேங்காய், வெல்லம், பட்டுத்துணி, பலகாரம் என்று அவளே கட்டி வைத்திருந்தாள்.

"பத்துத் தட்டு ஆச்சுங்க. ஒத்தப்படையில வரோணும், ஒன்னு கொறையுது. எதையாச்சும் வெச்சுத் தேத்திப்போடட்டுங்களா?"

"என்னமோ பண்ணு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். இன்னும் ஒரு தட்டு என்றால் இன்னும் ஒரு செலவு என்றுதான் தோன்றியது.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எல்லாவற்றையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் வெடித்துவிடும்.

தாராபுரம் மண்டபத்தில் மேளத்தோடு சீர் போனது. பதினோராவது தட்டில் ஜிகினாத்தாள் சுற்றிய ஒரு பெட்டி. ஏதோ பொம்மை என்று நினைத்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நிதீஷை என் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். பையன் மண்டபம் அதிர அலறினான். அவனைச் சமாதானப்படுத்தப் பிரியா அந்தத் தட்டை எடுத்து முன்னால் நீட்டினாள். "மாமா உனக்கு என்ன கொண்டாந்திருக்கறாங்க பாரு கண்ணு."

ஜிகினாத்தாள் கிழிந்தது. உள்ளே என் பெட்டி. ஜப்பான் பெட்டி.

மூடியில் ஒட்டிய தாளில் பையன் நகத்தை வைத்துவிட்டான். நான் அவன் கையைப் பிடித்துவிட்டேன். "அப்படித்தானுங்க, கெட்டியாப் புடிச்சுக்குங்க" என்று சொல்லி ஆசாரி அடுத்த காதையும் குத்திவிட்டார். பையன் அழுகிற அழுகையில் எல்லாரும் "அட விடுங்க, பிரிச்சுக்கட்டும்" என்றார்கள். விட்டேன். என் மடியில் வைத்தே பிரித்தான். முப்பத்தைந்து வருடம் ஒட்டியிருந்த தாள் என் வேட்டியில் விழுந்தது.

நஞ்சுண்டன் உள்ளே எட்டிப் பார்த்தார். பிளாஸ்டிக் கொஞ்சம் மஞ்சள் பூத்திருந்தது. "என்னுங்க மச்சான், பழசுங்களா?" என்றார். பின்னால் யாரோ, தாய்மாமன் சீருக்கு இப்பல்லாம் பழைய இரும்புக் கடையிலதான் எடுக்கறாங்களாட்டம் இருக்குது என்று சொல்ல, அந்த வரிசையே சிரித்தது. தங்கச்சி தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த மண்டபத்திலேயே விலை கூடின சீர் அதுதான். செயினைவிட, கடுக்கனைவிட, நஞ்சுண்டன் வீட்டார் வைத்த அத்தனையும் சேர்த்ததைவிட. ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சிரிப்பு அடங்கியிருக்கும். ஆனால் பக்கத்தில் பிரியா நிற்கிறாள். ஒரு கையில் வளையல், ஒரு கையில் வாட்ச். எப்படிடா சொல்லுவே? வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சீர்த்தட்டில் வைத்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கம் கிடையாது. எடுத்தால் உறவே இல்லை என்று அர்த்தம்.

வரும் வழியில் பிரியா கேட்டாள். "கோவமுங்களா? கடையெல்லாம் சாத்திட்டாங்க. அதுதான் புதுசா, பிரிக்காம இருந்துச்சு. தொள்ளாயிரந்தானுங்களே, வேற ஒன்னு வாங்கிக்கலாமுங்க."

"பரவால்ல" என்றேன்.

செப்டம்பர் 1, திங்கள்

காய்ச்சல் என்று லீவு சொன்னேன். காய்ச்சலாகவே இருந்திருக்கலாம்.

செப்டம்பர் 2, செவ்வாய்

நாலாயிரத்து ஐந்நூறுக்கு இந்தக் காலத்து கேம் ஒன்று வாங்கிக்கொண்டு சிங்காநல்லூரில் தாராபுரம் பஸ் ஏறினேன். பையனுக்குப் புதுசு கொடுத்துவிட்டுப் பழசை நைசாக வாங்கி வந்துவிடலாம் என்று திட்டம். ஒட்டுத்தாள் போனாலும் பாதி விலையாவது நிற்கும்.

"அட அதையேனுங்க கேக்கறீங்க மச்சான்" என்றார் நஞ்சுண்டன். "போட்டவொடனே புகைஞ்சுபோச்சுங்க."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நேராகச் செருகியிருக்கிறார்கள். அது ஜப்பான் சாமான், நூறு வோல்ட்டுக்குச் செய்தது. நம் ஊர்க் கரண்டில் நேராகப் போட்டால் கருகத்தான் செய்யும். அதற்கென்று நானே சுற்றின டிரான்ஸ்பார்மர் என் அலமாரியில் சும்மா கிடக்கிறது. மண்டபத்திலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு நாளைக்குள் எவன் செருகப் போகிறான் என்று நினைத்தேன். மறுபடி வாயை மூடினேன், மறுபடி போச்சு.

அட்டைப்பெட்டி எங்கே என்று கேட்டேன். சமையலறையில் இருந்தது, சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தார்கள்.

நான் கொண்டுபோன புது கேமைப் பார்த்ததும் தங்கச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. "சீர்ல பழசு வெச்சுப்போட்டு, ஊரு சிரிச்சதுக்கப்புறம் மாத்திக் குடுக்க வந்தீங்களாண்ணா? செய்யறத அன்னைக்கே செஞ்சிருக்கலாமில்லீங்க."

புதுசையும் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

முடி வெட்டிக்கொண்டு வந்தேன். வாசலில் ஜெரோமின் வண்டி. உள்ளே அவன் முன்னால் டீ ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "ஸாரிண்ணா, வாரேன்" என்று போய்விட்டான்.

அலமாரியில் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து, விற்றுவிட்டேன் போல, வீட்டுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டானாம். "அக்கா, அந்தப் பெட்டி எவ்வளவுக்குப் போச்சுங்க? எங்கிட்ட ரெண்டு லட்சத்துக்கு ஆள் இருந்துச்சே" என்றிருக்கிறான்.

சண்டை போடுவாள் என்று நின்றேன். அழுவாள் என்று நின்றேன். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"வளையல மாத்தப் போனோமே, அன்னைக்கு அது ஊட்டுலதான் இருந்துச்சுங்களா?"

"இருந்துச்சு."

"சரிங்க."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த "சரிங்க"வை என்ன செய்வது?

செப்டம்பர் 21, ஞாயிறு

சோறு போடுகிறாள். மழை வருமாட்டம் இருக்குது என்கிறாள். ஆனால் எதற்கும் விலை கேட்பதில்லை. இன்று அஞ்சு கிலோ தக்காளி வாங்கி வந்தேன். முன்பானால் "என்ன வெலைங்க, ஏமாந்துட்டு வந்தீங்களா?" என்பாள். பையை வாங்கிக் கழுவப் போய்விட்டாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. மிக்ஸி, தையல் மிஷின், என் ஸ்கூட்டர், ஸ்பேனர், நான் சுற்றின டிரான்ஸ்பார்மர் எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைத்திருக்கிறாள். போன வருடம் கேம் பெட்டிகளுக்கும் வைக்க வந்தாள். அட்டையில் கறை படும் என்று கத்தினேன். இந்த வருடம் அலமாரிப் பக்கம் போகவே இல்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

விற்றுவிட்டேன். முப்பதும்.

ஜெரோம் ஒவ்வொன்றாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். இது மஞ்சளாயிருக்குதுங்க, இதில் ஒரு பட்டன் அமுங்கலீங்க, இதுக்கு இப்ப ஆளில்லீங்க. இதே சாமான்களை எனக்கு விற்கும்போது அபூர்வம், கிடைக்காது, இன்றைக்கு விட்டால் போச்சு என்றவன் இவன்தான். வாங்கும்போது பொக்கிஷம், விற்கும்போது பழைய சாமான். எட்டு வருடம் ஓவர்டைம் பார்த்துச் சேர்த்ததை ஒரு மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான்.

பிரியா வாசலில் நின்று பார்த்தாள். ஏன் என்று கேட்கவில்லை.

அக்டோபர் 18, சனி

அதே கடை, அதே வீதி. ஆகஸ்டில் நாங்கள் கொடுத்த விலைக்கும் இன்றைய விலைக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. முப்பது பெட்டியும் சேர்ந்து ஒரு ஒற்றை வளையலுக்குத்தான் காணும், அதுவும் செய்கூலிக்குக் கையிலிருந்து போட்டேன். அவளிடம் இருக்கிற மற்றதைப் போலவே அதே எடை, அதே வேலைப்பாடு. தேடி எடுக்க மூன்று மணி நேரம் ஆனது. சிவப்பு டப்பாவில் வைத்து, மேலே கடை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார்கள்.

அக்டோபர் 20, திங்கள், தீபாவளி

எண்ணெய் தேய்த்துக் குளித்து, புதுத்துணி உடுத்தியபிறகு டப்பாவைக் கொடுத்தேன். என்னவென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். எவ்வளவுங்க என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் இந்தத் தடவை பைசா குறையாமல் சொல்லியிருப்பேன்.

கேட்கவில்லை. காலியாகக் கிடந்த அலமாரியைத் திறந்து, ஜப்பான் பெட்டி இருந்த இடத்தில் டப்பாவை வைத்தாள். ஸ்டிக்கர் என் பக்கம் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தாள்.

"பிரிச்சுப் போட்டுப் பாரு பிரியா" என்றேன்.

"வேண்டாமுங்க. பிரிச்சா மதிப்புப் போயிருமுங்களே."

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு, அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றைக்குச் சிரித்தாள். இன்று சிரிக்கவில்லை.