வழக்காடாமல் பிரிந்தவருக்கு

இன்று காலை கணபதி சிக்னலில் என் ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் ஒருவர் பைக்கை நிறுத்தினார். நீலச் சட்டை, முழங்கை வரை கரி. விளக்கு மாறும் வரைக்கும் அவர் மேலிருந்து லேத் எண்ணெய் வாசம் வந்துகொண்டே இருந்தது. சூடான இரும்பில் பட்டு லேசாகக் கருகின அந்த எண்ணெய். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பச்சை விழுந்து அவர் போன பிறகும் நான் அப்படியே நின்றிருந்தேன் போலிருக்கிறது. பின்னால் ஹாரன் அடித்தார்கள்.

ஆபீஸுக்குப் போயும் வேலை ஓடவில்லை. விதைப் பரிசோதனைக் கூடத்தில் என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஈரக் காகிதத்தில் சுருட்டி வைத்த விதைகளைப் பிரித்து, முளைத்தது எது, முளைக்காதது எது என்று பார்க்க வேண்டும். பார்த்ததையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் லேத் பட்டறையிலிருந்து வந்தால் துணி துவைக்கும் பவுடரைப் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவாமல் பாப்பாவைத் தூக்க மாட்டீர்கள். எவ்வளவு தேய்த்தாலும் அந்த வாசம் போகாது. யாழினி உங்கள் கையை மோந்து பார்த்துவிட்டு, "அப்பா, இன்னும் போகல" என்று திருப்பி அனுப்புவாள். நீங்களும் மறுபேச்சில்லாமல் திரும்பப் போய்க் கழுவுவீர்கள். அந்த வீட்டில் சத்தம் இருந்த காலம் அது.

பிறகு இரண்டாவது குழந்தை வயிற்றிலேயே போனது. ஏழாம் மாதம். பையன் என்று சொன்னார்கள். மயக்கம் தெளிந்து நான் கண் திறந்தபோது நீங்கள் அடக்கத்தை முடித்துவிட்டு வந்து கட்டில் ஓரமாக நின்றிருந்தீர்கள். உங்கள் செருப்பில் சேறு. நான் ஒன்றும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் பால் வாங்கியாச்சா, பாப்பாவுக்கு ஸ்கூல் லீவா, மோட்டார் போட்டியா என்பதுதான். நீங்கள் பட்டறையிலேயே இருந்தீர்கள். நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கோபியில் இருக்கும் அம்மா வீட்டுக்கு அடிக்கடி போனேன். ஒரு கோடை விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை, ஆபீஸுக்கு நீண்ட லீவு போட்டேன். நீங்கள் அடிக்கவில்லை, குடிக்கவில்லை, யார் பின்னாலும் போகவில்லை. ஒரே கூரைக்குக் கீழே நம்மால் மூச்சுவிட முடியவில்லை, அவ்வளவுதான். ஆனால் இதை எந்தச் சொந்தக்காரரிடம் சொன்னாலும் புரியாது.

என் அண்ணனுக்கும் புரியவில்லை. ஈரோட்டில் ஒரு வக்கீலைப் பார்த்து, உங்களுக்கு அனுப்ப ஒரு நோட்டீஸைத் தயார் செய்துகொண்டு வந்தார். வாழைத்தோப்பைப் பார்த்த முன்வாசலில் உட்கார்ந்து அதைப் படித்தேன். நீங்கள் என்னைப் பட்டினி போட்டீர்களாம். குழந்தை போனதற்குக் காரணம் நீங்கள் என்னைப் பிடித்துத் தள்ளியதாம். காகிதத்தை அண்ணனிடமே திருப்பி நீட்டினேன்.

"அண்ணா, இதெல்லாம் நடக்கவே இல்லீங்களே," என்றேன்.

"நடந்ததா நடக்கலயாங்கறதெல்லாம் அப்பறம் கண்ணு. இப்படிப் போட்டாத்தான் அவுங்க வழிக்கு வருவாங்க. நீ கையெழுத்தப் போடு."

"எந்த வழிக்கு வரோணும்? அவுரு எந்தத் தப்பு வழியிலயும் போகலீங்களே."

அண்ணன் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார். மறுநாள் நான் உங்களுக்குப் போன் செய்தேன். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு.

"ஏனுங்க, ஒரு வார்த்த பேசோணுங்க."

"சொல்லு அம்மணி."

"நாம பிரிஞ்சரலாங்க. ஆனா ஒருத்தர ஒருத்தர் அசிங்கப்படுத்தாம பிரியோணும்."

பின்னால் லேத் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. கடைசியில், "சேரி. எப்படின்னு சொல்லு, வாரேன்," என்றீர்கள்.

எப்படி என்று எனக்கும் தெரியாது. என் கூட வேலை செய்யும் ஒருத்திதான் வக்கீல் மல்லிகா அம்மாவைப் பற்றிச் சொன்னாள். கோர்ட்டுக்கு வெளியே, இரண்டு பக்கத்து வக்கீல்களும் சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிப்பார்கள் என்றாள். உங்கள் பக்கம் பேச சையது என்ற வக்கீல் வந்தார். கோட்டைமேட்டுக்காரர், மெதுவாகப் பேசுகிறவர். முதல் நாள் ஆர்.எஸ்.புரத்தில் மல்லிகா அம்மாவின் ஆபீஸில் ஒரு வட்ட மேசையைச் சுற்றி நாம் நால்வரும் உட்கார்ந்தோம். நீங்கள் பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தீர்கள்.

மல்லிகா அம்மா நிதானமாக விளக்கினார். கோர்ட்டில் சண்டை போட மாட்டோம் என்று நால்வரும் கையெழுத்துப் போட வேண்டும். எதையும் மறைக்கக் கூடாது. இங்கே பேசுவதை வெளியே கொண்டுபோய் ஒருவர் மேல் ஒருவர் வீசக் கூடாது. பேச்சு முறிந்து யாராவது வழக்குப் போட்டால் இரண்டு வக்கீல்களும் விலகிவிடுவார்கள், நாம் வேறு ஆள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் கேட்டீர்கள்: "அப்ப எங்க சண்டையில உங்களுக்கு ஒரு லாபமும் இல்லீங்களா?"

சையது சிரித்தார். "நீங்க சண்ட போட்டா எங்களுக்கு வேல போயிருங்க. அதனால உங்களவிட நாங்கதான் பயந்துட்டு உக்காந்திருப்போம்."

நீங்களும் சிரித்தீர்கள். உங்கள் சிரிப்பை நான் கேட்டே வெகுகாலம் ஆகியிருந்தது. பிரிவதற்காக வந்த இடத்தில் அதைக் கேட்டேன்.

வீடு, பட்டறை இதெல்லாம் சுலபமாகவே முடிந்தது. யாழினி விஷயத்தில்தான் வந்து முட்டியது. நான் கோபிக்கே மாற்றல் வாங்கிக்கொண்டு அவளையும் கூட்டிப் போவதாகச் சொன்னேன். நீங்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தீர்கள்.

"பாப்பாவையும் கண்ணுல காட்டாம கொண்டுட்டுப் போறதுக்கு இத்தன மரியாத எதுக்குங்க? நேரா கோர்ட்டுலயே பாத்துக்கலாம்."

சையது உங்களைத் தடுக்கவில்லை. "போகலாமுங்க. தப்பில்ல. ஆனா அங்க உங்க கூட நான் இருக்க மாட்டேன். ஒரு டீ குடிச்சுப்போட்டு முடிவு பண்ணுங்க," என்றார்.

நீங்கள் வராந்தாவுக்குப் போய்விட்டீர்கள். கதவு திறந்துதான் இருந்தது. உங்கள் முதுகு மட்டும் தெரிந்தது. டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றீர்கள். மல்லிகா அம்மா என்னிடம், "கோபியில உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்டார். அம்மாவும் அண்ணனும் அங்கே இருக்கிறார்கள் என்றேன். அவர் திரும்பவும் அதையே கேட்டார். அப்போதுதான் என் வாயிலிருந்து வந்தது: "இந்த ஊருல எந்த ஆஸ்பத்திரியப் பாத்தாலும் எனக்கு அந்தக் கொழந்த ஞாபகம் வருதுங்க."

நீங்கள் திரும்பி உள்ளே வந்தீர்கள். உட்காரவில்லை.

"எங்க வெச்சீங்கன்னு நீ ஒரு தரம்கூடக் கேக்கலயே அம்மணி."

மல்லிகா அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"கேட்டா நீங்க ஒடஞ்சு போயிருவீங்கன்னு நெனச்சேனுங்க," என்றேன்.

"நான் அன்னிக்கே ஒடஞ்சு போயிட்டேன். துணில சுத்திக் குடுத்தாங்க. ஆட்டோல மடியில வெச்சுட்டுப் போனேன். ஆட்டோக்காரரு பாட்டப் போட்டாரு. நிறுத்துங்கன்னு சொல்லக்கூட வாய் வரல. நீ கேப்பீன்னு பாத்துட்டே இருந்தேன். நீ கேக்கல. உனக்கு வேண்டாம்போலன்னு நெனச்சுட்டேன்."

மல்லிகா அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இன்றைக்கு இது போதும் என்றார். சையது தன் நாற்காலியை நகர்த்தி உங்களை உட்கார வைத்தார்.

அன்று சாயங்காலம் உங்கள் வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். உக்கடம் தாண்டி, நொய்யல் ஓரத்து மயானம். சுற்றுச்சுவர் ஓரமாக ஒரு வேப்பமரத்தைக் காட்டினீர்கள். கல் இல்லை, பெயர் இல்லை. புல் முளைத்திருந்தது. "இங்கதான்," என்றீர்கள். நான் கீழே உட்கார்ந்து அந்த மண்ணில் கையை வைத்தேன். நீங்கள் என் தலையில் கை வைத்தீர்கள். இருட்டும் முன்னே கிளம்பினோம்.

உங்களிடம் கேட்காமலே போன ஒரு கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது. அன்று திரும்பி வரும் வழியில் சேர்ந்துவிடலாம் என்று நினைத்தீர்களா? நான் நினைத்தேன். டவுன்ஹால் வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தேன். நீங்கள் வாய் திறந்திருந்தால் சரி என்றிருப்பேன். ஆனால் அது நல்லதாக இருந்திருக்குமா தெரியவில்லை. அடுத்த முறை மேசையில் சந்தித்தபோது நாம் ரொம்ப மிருதுவாகப் பேசிக்கொண்டோம், காயம்பட்ட இரண்டு பேர் பேசிக்கொள்வது போல. ஒரே வீட்டில் இருந்தால் அந்த வேப்பமரத்தடியைத் தவிர அங்கே வேறு எதுவும் இருக்காது என்று இருவருக்குமே தெரிந்திருந்தது. நான் கோபிக்குப் போகவில்லை. சாயிபாபா காலனியில் வீடு எடுத்தேன். பாப்பா பள்ளி நாட்களில் என்னிடம், வாரக் கடைசியில் உங்களிடம். அவள் காதுபட ஒருவரைப் பற்றி ஒருவர் குறை பேசக் கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொன்னது நீங்கள்தான்.

சம்மதத்தோடு பிரிந்தாலும் சட்டப்படி முடிக்க குடும்ப நீதிமன்றத்துக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. அங்கே தாழ்வாரத்தில் ஒரு பெண்ணும் அவள் புருஷனும் ஆளுக்கொரு கூட்டத்தோடு எதிரெதிரே நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். நடுவே ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு நின்றது. நாம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நம் முறை வந்தபோது நீதிபதி, யாரும் கட்டாயப்படுத்தவில்லையே என்று கேட்டார். இல்லீங்க என்று இருவரும் ஒன்றாகச் சொன்னோம். அவர் நிமிர்ந்து ஒரு நிமிடம் நம்மைப் பார்த்தார். வெளியே வந்ததும் நீங்கள், "பசிக்குது. சாப்ட்டுட்டுப் போலாமா?" என்றீர்கள். மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். எப்போதும்போல உங்கள் அப்பளத்தை என் இலையில் வைத்தீர்கள். எடுத்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

பிறகு வந்த வருஷங்கள் மோசமில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பீர்கள். பாப்பா பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து விடும்போது வாசலில் நின்று ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பீர்கள். உள்ளே வந்ததில்லை. கூப்பிட்டாலும், "இருக்கட்டும் அம்மணி," என்பீர்கள்.

போன வருஷம் மழைக்காலத்தில் உங்கள் போன் வந்தது. குரல் சன்னமாக இருந்தது.

"வயித்துல கட்டியாட்ட இருக்குதுன்னு சொல்றாங்க. ரிசல்ட்டு சொல்றப்ப கூட ஒரு ஆள் வரோணுமாம். அம்மாகிட்ட சொல்ல மனசு வரல. நீ வருவியா?"

"வாரேனுங்க."

அண்ணனுக்குத் தெரிந்து, "பிரிஞ்சு போனவனுக்கு நீ எதுக்குப் போய் நிக்கற?" என்று கேட்டார். நான் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். டாக்டர் கணையத்தில் புற்றுநோய் என்றார். நிறையப் பரவிவிட்டது என்றார். நீங்கள் அதைக் கேட்டுவிட்டு, பாப்பாவுக்குப் பரீட்சை முடியட்டும், பிறகு சொல்லலாம் என்றீர்கள். வார்டில் ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள். கட்டிலில் இருந்து நீங்கள்தான், "எங்க பாப்பாவோட அம்மாங்க," என்றீர்கள். அந்தப் பெண் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

உங்கள் அம்மா காலையில் இருப்பார்கள், நான் ஆபீஸ் முடிந்து வருவேன். கடைசி வாரங்களில் உங்களுக்குக் கஞ்சி மட்டும்தான் இறங்கியது. ஒரு நாள் கரண்டியை வாங்கிக்கொள்ளாமல் என்னையே பார்த்தீர்கள்.

"அன்னிக்கு உங்கண்ணன் கொண்டாந்த அந்த நோட்டீஸ நீ அனுப்பிச்சிருந்தா, இப்ப வந்து எனக்குக் கஞ்சி ஊட்டுவியா?"

அந்த நோட்டீஸைப் பற்றி உங்களுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அண்ணனே எப்போதோ சொல்லியிருக்கிறார். பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி தோன்றியது.

"இல்லீங்க. வந்திருக்க மாட்டேன். நீங்களும் என்னய வரச் சொல்லியிருக்க மாட்டீங்க."

"ஆமா," என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். "நல்லவேள." பிறகு வாயைத் திறந்தீர்கள், நான் ஊட்டினேன்.

நீங்கள் போன அன்று உங்கள் வீட்டில் நான் எங்கே உட்காருவது என்று எனக்குத் தெரியவில்லை. சொந்தக்காரப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அங்கே முறை என்று ஒன்றும் இல்லை. உங்கள் அம்மா தலையைத் தூக்கி, "நீ ஏஞ்சாமி அங்க நிக்கற, இங்க வந்து எம்பட பக்கத்துல உக்காரு," என்றார்கள். அவர்கள் தோளில் சாய்ந்து அழுதேன். யாழினி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்கள் கையை எடுத்து மோந்து பார்த்தாள்.

நீங்கள் இல்லாத இந்த மாதங்களில் ஒன்று தெரிந்துகொண்டேன். பிரிந்துபோன புருஷன் செத்துப்போனால் மற்றப் பெண்களுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கோபம் இருக்கும். என் ஆபீஸில் ஒருத்தி அப்படித்தான் தன் புருஷன் சாவைத் தாண்டினாள். அவன் செய்ததையெல்லாம் சொல்லிச் சொல்லியே அழுகையை நிறுத்திக்கொண்டாள். நானும் தேடிப் பார்த்தேன். உங்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை எந்தக் கோர்ட்டிலும் இல்லை, என் நெஞ்சிலும் இல்லை. பாப்பா உங்களைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம் சொல்வதற்கு நல்லதாகவே வருகிறது. சொல்லி முடித்துவிட்டு நான் போய், அழுவது அவளுக்குக் கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறேன். இது சின்னதாகிற துக்கமாகத் தெரியவில்லை. பரவாயில்லைங்க. இத நானே வெச்சுக்கறேன்.