வாசித்து விளங்கிக்கொண்டேன்

மஹய்யாவ, கண்டி.
09.06.2024

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஜெயராஜ் அவர்களுக்கு,

நாவலப்பிட்டியில் உங்கள் அக்கா வீட்டில் சுகமாக இருக்கிறீர்களா? கட்டுக்கலைப் பிள்ளையாருக்கு உங்கள் பேரிலும் ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள்தான் எங்களுக்கு எழுதக் கூடாது, வீட்டுப் பக்கமோ பள்ளிக்கூடப் பக்கமோ வரக் கூடாது. நான் எழுதக் கூடாதென்று நீதிமன்றக் கட்டளையில் இல்லை என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

யதுஷாவுக்கு முன்பல் ஒன்று விழுந்துவிட்டது. அப்பாவிடம் காட்ட வேண்டுமென்று தைல டப்பியில் போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய பிறந்தநாளன்று பள்ளிக்கூட வாசலில் பலூனோடு நின்ற உங்களைப் பொலிஸார் ஜீப்பில் ஏற்றியதைப் பிள்ளை பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரும்வரை என் கையை விடுவதில்லை.

அதற்கு என் கையெழுத்தும் காரணம். விவாகரத்து வழக்கில் பிள்ளையை நீங்களும் கேட்டதும் நிலூஷா பயந்துபோனாள். பாதுகாப்புக் கட்டளை ஒன்றை எடுத்துவிட்டால் பிள்ளை அவளிடமே இருக்கும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வக்கீலின் அலுவலகத்தில் என்னை விசாரித்தபோது நடந்ததைத்தான் தமிழில் சொன்னேன். மாப்பிள்ளை சத்தம் போடுவார், ஒருநாள் சோற்றுப் பீங்கானை நிலத்தில் அடித்தார், என் மகள் மேல் கை வைத்ததில்லை. நிலூஷா அதைச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள், அவர்கள் டைப் அடித்துத் தந்தார்கள். கடையில் சாமான் வாங்கும் அளவுக்குத்தான் எனக்குச் சிங்களம் வரும், வாசிக்கத் தெரியாது. மகள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன்.

போன வாரம் அலுமாரியில், நான் கையெழுத்து வைத்த அந்தச் சத்தியக்கடதாசியின் பிரதி அகப்பட்டது. பக்கத்து வீட்டு நுஸ்ஹாவிடம் வாசிக்கக் கொடுத்தேன். பெல்ட்டால் அடித்தது, தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதியது, மழையில் வெளியே தள்ளிக் கதவைப் பூட்டியது, எல்லாம் நீங்கள் செய்து நான் கண்ணால் கண்டதாக எழுதியிருந்தது. வாசித்து விளங்கிக்கொண்டேன் என்றும் கடைசியில் இருந்ததாம்.

அத்தனையும் நடந்தவைதான் மாப்பிள்ளை. எனக்கு நடந்தவை. செய்தவர் நிலூஷாவின் அப்பா மூக்கையா. நான் மாலை போட்டு வைத்திருக்கும் படத்தில்தான் அவரை உங்களுக்குத் தெரியும். நிலூஷாவுக்கு அப்போது ஐந்து வயது. ஒன்றும் நினைவிருக்காது என்றே இத்தனை காலமும் இருந்துவிட்டேன்.

அந்த நாளில் இப்படியொரு சட்டம் இல்லை. இருந்திருந்தால் என் வலது கை இன்று தலைக்கு மேலே தூக்கும்படி இருந்திருக்கும். அந்தக் கட்டளையைப் பொய் சொல்லி எடுத்தால் உண்மையிலேயே அடிபட்டு வருகிறவளை நாளைக்கு யார் நம்புவார்கள் என்று நிலூஷாவிடம் கேட்டேன். மனம் எரிந்துதான் கேட்டேன். அவள் அழுதாள். நீங்கள் பீங்கானை அடித்த அன்று, "எனக்கு அப்பா மொகந்தான் தெரிஞ்சிச்சும்மா" என்றாள்.

வருகிற பதினெட்டாந் தேதி வழக்கு. தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு, உள்ளதைச் சொல்லிவிடப் போகிறேன். பொய்ச் சத்தியத்துக்கு எனக்கு என்ன தண்டனை தந்தாலும் சரி. நிலூஷா மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. தேத்தண்ணி ஊற்றி மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். என் சொல்லை வைத்துக்கொண்டு பிள்ளையை அவளிடமிருந்து பிரித்துவிடாதீர்கள். கட்டளை நீங்கும்வரை இந்தப் பக்கம் வர வேண்டாம். நீங்கியதும் வாருங்கள், பல்லைப் பாருங்கள், பிள்ளையை வெளியே கூட்டிப்போங்கள். நிலூஷாதான் கதவைத் திறப்பாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் அப்போது சத்தம் மட்டும் போடாதீர்கள் மாப்பிள்ளை. அன்று மழையில் நான் வெளியே நின்றபோது, எட்டாத தாழ்ப்பாளைத் திறக்கப் பார்த்து உள்ளே அழுதுகொண்டிருந்தவள் அவள்.

நீங்கள் நன்றாயிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை,
அங்கம்மா