புகைக்கு முதுகு காட்டி

அருஞ்சுனை அப்பாவுக்கு,

முதல் பஸ்ஸில் பரளச்சிக்கு மூட்டத்து வேலைக்குப் போகிறேன். நேற்று நீங்கள் கோபத்தில் தொடாத சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுங்கள். சாவியைப் பக்கத்து வீட்டுச் சுமதியிடம் கொடுங்கள்.

"நாள் பூரா கரிமூட்டத்துல வேகுறவளுக்கு, அதையே படமாவும் காட்டணுமாக்கும்?" என்று நேற்று போனைப் பிடுங்கி வைத்தேன். இன்று காலையில் மத்தியானச் சோறு வேகும்வரை, நீங்கள் காட்ட வந்த அந்தக் கரிமூட்ட ஆவணப்படத்தை முழுசாகப் பார்த்துவிட்டேன்.

அதில் ஒருத்தி புகைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறாள். அவள் கை கழுவும்வரை, உள்ளே வேகிற விறகு கரியாகாமல் சாம்பலாகிவிடக் கூடாதென்று, புருஷன்காரன் மூட்டத்தில் விழுகிற ஓட்டையை எல்லாம் மண் போட்டு அடைத்துக்கொண்டே இருக்கிறான். அவள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. நானும் அப்படித்தான் உட்காருவேன். சாப்பிடுகிற நேரம் மூட்டம் தானாக அடங்கிக் கிடக்கிறது என்றுதான் உங்களைக் கட்டிக்கொண்டு வந்த இத்தனை வருஷமும் நினைத்திருக்கிறேன்.

மாரிக்கனி

போன் சார்ஜில் கிடக்கிறது. சாயந்திரத்துக்கு இதுபோல இன்னொரு படம் தேடி வையுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

துவையலும் சோறும் என்னிடம் இருக்கின்றன. இன்றைக்குப் புகை கண்ணில் அடித்தாலும் மூட்டத்தைப் பார்த்துத்தான் உட்காருவேன்.