உங்கள் போன் வாசித்த என் வசனம்

என்னைப் பிள்ளை என்றே கூப்பிட்ட மாமிக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது. உங்கள் மகன் வேலைக்குப் போய்வருகிறார். சின்னவள் உங்கள் கட்டிலில்தான் படுக்கிறாள், சொன்னால் கேட்கிறாளில்லை. எனக்குத்தான் விளக்கேற்றப் போனால் படத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவு வெட்கமாக இருக்கிறது. ஏனென்று உங்களுக்கு முந்தியே தெரியும். எனக்கு இப்போதுதான் தெரியவந்தது.

என் போன் பைத்தியம் நீங்கள் அறிந்ததுதானே. மிசிசாகாவில் வேலையிடத்துக்குள் கார் நுழைந்ததும் என் போன் தானாகவே சத்தத்தை நிறுத்திக்கொள்ளும். வீட்டுக்கு வெளிக்கிட்டதும் 'வாறன்' என்று இவருக்குச் செய்தி போகும். இது நடந்தால் இதைச் செய் என்று ஒரு விதி எழுதிவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும். உங்களுக்குக் கண் மங்கி எழுத்துத் தெரியாமல் போனபோது உங்கள் போனிலும் ஒன்று எழுதினேன். வீட்டாரின் செய்தி வந்தால், முதலில் பெயரைச் சொல்லி, பிறகு செய்தியை உரத்து வாசிக்க வேண்டும். முதல்முறை அது பேசியபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தீர்கள்.

பிறகு ஒருநாள் பின்னேரம் வந்து, "பிள்ளை, உந்த வாசிக்கிறதை நிப்பாட்டி விடு. சத்தம் எனக்கு ஒத்துவரேல்லை" என்றீர்கள். மெனக்கெட்டுச் செய்து தந்ததை வேண்டாம் என்கிறீர்களே என்று எனக்குக் கோபம். நிறுத்தினேன். பிறந்தநாள் வீடொன்றில் எல்லோர் முன்னாலும், "மாமிக்கு நல்லது ஒண்டும் பிடிக்காது" என்று பகிடிவேறு விட்டேன். நீங்களும் கூடச் சேர்ந்து சிரித்தீர்கள். அதன்பிறகு செய்தி வந்தால், வாசித்துச் சொல்லச் சின்னவள் பள்ளிக்கூடத்தால் வருமட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டிருப்பீர்கள்.

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை, வெக்ஸ்போர்ட்டிலிருந்து உங்கள் சிநேகிதி பரமேஸ் அன்ரி வந்தார். இவர் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றார். அன்ரி தன் போனை மேசையில் வைத்தார்.

"எனக்கும் இப்ப கண் தெரியேல்லை, பிள்ளை. மாமிக்குப் போட்டுக் குடுத்த மாதிரி எனக்கும் போட்டுத் தா. ஆனா விசர்க்கதை வாசிக்காத மாதிரிப் போடு."

"என்ன விசர்க்கதை அன்ரி?"

"அண்டைக்கு என்ர வீட்டில நாங்கள் நாலுபேரும் இருந்து கதைக்கிறம். மாமியின்ர போன், வதனி எண்டு உன்ர பேரைச் சொல்லிப்போட்டு, உந்த மனிசி இருக்குமட்டும் எனக்கு விடிவில்லை எண்டு வாசிச்சுது. எங்களுக்குத் திக்கெண்டு போச்சு. மாமி ஒரே சிரிப்பு. எங்கட வதனி உப்பிடி எழுதுவாளே, உது கண்டதையும் வாசிக்கும் எண்டா."

சொல்லிவிட்டு அன்ரியும் சிரித்தார்.

அதை நான் யூனியன்வில்லில் இருக்கிற தங்கைக்கு எழுதினேன், மாமி. கறியில் உப்புக் கூடிப்போச்சு என்றோ என்னவோ நீங்கள் சொன்ன எரிச்சலில் எழுதியது, ஆள் மாறி உங்களுக்குப் போய்விட்டது. உடனே கண்டு அழித்தேன். நீங்கள் பார்த்ததற்கான நீலக்குறி விழவில்லை, தப்பினேன் என்றிருந்தேன். செய்தி வந்து விழுந்த கையோடு வாசிக்கும்படி விதி எழுதியவளே நான். அழிக்கமுன்னமே அது வாசித்திருக்கும் என்று ஒருநாளும் எனக்கு ஓடவில்லை.

அன்று பின்னேரம்தானே நிறுத்தச் சொன்னீர்கள்? ஏன் என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை? சிநேகிதிகள் முன்னால் என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, வீட்டுக்கு வந்து எனக்குச் சோறு போட்டுத் தர எப்படி மனம் வந்தது?

அன்ரியின் போனில் விதியை எழுதி முடித்தேன். வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு செய்தி அனுப்ப வேண்டும். "சும்மா ஏதாவது எழுதன்" என்றார். 'வணக்கம் அன்ரி' என்று எழுதி, அழித்தேன். திரும்ப எழுதி அனுப்பினேன்.

மேசையில் கிடந்த போன் உரத்து வாசித்தது: "வதனி. அண்டைக்கு நீங்கள் கேட்டது நான் எழுதினதுதான் அன்ரி."

இவர் தண்ணீர்க் குழாயைப் பூட்டினார். "என்னத்தை எழுதினனீர்?"

அந்த வசனத்தை முழுதாகச் சொன்னேன். ஈரக் கையோடு வெளியே போய்விட்டார். அன்ரி போனைக் கைப்பையில் வைத்தார்.

"நிப்பாட்டி விடட்டோ அன்ரி?"

"வேண்டாம், இருக்கட்டும்." வாசலில் நின்று சப்பாத்தைப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அவ பொய் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை, பிள்ளை. உனக்காகச் சொல்லியிருக்கிறா."

இவர் இன்னும் என்னோடு சரியாகக் கதைக்கவில்லை. கதைக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயுமில்லை.

அன்று அங்கே இருந்த மற்ற இரண்டு பேரும் உங்கள் போனுக்குத்தான் விசர் என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீடுகளுக்கும் போவேன், மாமி. போன் ஒரு சொல்லும் பிழையாக வாசிக்கவில்லை என்று என் வாயால் சொல்லுவேன்.

உங்கள் மூத்த மருமகள்
வதனி