ராசு அண்ணனின் வெள்ளை உடுப்பு

செவ்வாய், இரவு

தேயிலைத் தோட்டங்களில் பூச்சிமருந்து அடிப்பவர்களின் உடம்பில் எவ்வளவு மருந்து படுகிறது என்று அளப்பது என் வேலை. இன்று கஹவத்தைக்கு மேலே ஒரு தோட்டத்தில் மருந்து அடிக்கும் ராசு அண்ணனுக்கு, படும் மருந்தை உறிஞ்சிக்கொள்ளும் சோதனை வெள்ளை உடுப்பைப் போட்டு அனுப்பினேன். மத்தியானம் கழற்றியபோது முதுகு முழுக்க ஈரம். அவர் சுமந்த மருந்து டேங்க் ஒழுகியிருக்கிறது.

"நாளைக்கும் இத தருவீங்களா மிஸ்?"

"இல்லண்ணே, சோதிக்கக் கொழும்புக்கு அனுப்பணும்."

"அப்ப நாளைக்கு?"

டேங்கை மாற்றச் சொல்லிக் வேலையை மேற்பார்க்கும் கங்காணியிடம் கேட்டேன். "மேனேஜர் தொரைகிட்டதான் சொல்லணும், தொரை லீவுல," என்றார்.

ராசு அண்ணன் தன் பழைய சட்டையை உதறிப் போட்டுக்கொண்டார். நேற்றைய மருந்து நெடி அதில் அப்படியே இருந்தது. மறுபடியும் அதே டேங்கை முதுகில் ஏற்றினார்.

நான் வெள்ளை உடுப்பைப் பைக்குள் வைத்துக் கட்டினேன்.